தரையில் சாக்பீஸ் விளையாட்டு: மழலைகளை வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய், கையில் கலர் சாக்பீஸைக் கொடுத்துத் தரையில் விளையாட விடுவது பற்றி அடிக்கடி வரும் கேள்விகள் இவை. என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த விளையாட்டில் பெரியவர்கள் வரைவது குறையக் குறைய, பிள்ளைகள் விளையாடுவது கூடும். கீழே உள்ள பதில்களில் பாதி, நம் கையை நாமே எப்படிக் கட்டிப்போடுவது என்பதைப் பற்றியவைதான்.

வீட்டுக்குள் பேப்பரும் கிரேயானும் இருக்கும்போது வெளியே போய்த் தரையில் எதற்கு வரைய வேண்டும்?

பேப்பரில் வரைய விரலும் மணிக்கட்டும் நுணுக்கமாக அசைய வேண்டும். மூன்று வயதில் அது இன்னும் கைகூடியிருக்காது. முதலில் தோள் உறுதிப்படும், அப்புறம் முழங்கை, விரல்களின் முறை கடைசியில்தான் வரும். தரை அந்தத் தோளுக்கு ஏற்ற அளவில் இருக்கிறது. பிள்ளை குந்தி உட்காருகிறது, மண்டியிடுகிறது, ஒரு கையை ஊன்றிக்கொண்டு மறுகையால் நீளமாக ஒரு கோட்டை இழுத்தபடியே பின்னால் நகர்கிறது. பெரிய வட்டம் போடும்போது வலது கை உடம்பின் நடுவைத் தாண்டி இடது பக்கம் போய்வருகிறது. பின்னால் நோட்டில் ஒரு முழு வரியை எழுதும்போது இந்த அசைவுதான் உதவப்போகிறது.

அடுத்தது சொரசொரப்பு. சிமென்ட் தரை சாக்பீஸைப் பிடித்து இழுக்கும். எவ்வளவு அழுத்துகிறோம் என்பது கைக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். வழவழப்பான பேப்பரில் அந்தச் சேதி குறைவு. தொடுதிரையில் சுத்தமாக இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடமாவது உடம்பை அசைத்துக்கொண்டிருக்க வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது. தரையில் தவழ்ந்து குந்தி வரைவது முதல் கணக்கில் சேரும். வரைந்ததன் மேல் குதிக்க ஆரம்பித்தால் இரண்டாவதும் நிறையும்.

எந்த வயதில் சாக்பீஸைக் கையில் கொடுக்கலாம்?

ஒன்றரை வயதிலேயே முஷ்டியாகப் பிடித்துத் தரையில் தேய்க்கும். ஆனால் அந்த வயதில் கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான் போகும். மூன்று வயதுக்கு உட்பட்டோரின் பொம்மைகளைச் சோதிக்க அமெரிக்காவில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு குழாய் வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கக்கூடும் என்பது கணக்கு. தரையில் வரையும் குண்டு சாக்பீஸின் தடிமன் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர். முழுக்கட்டி நீளமாக இருப்பதால் குழாயில் அடங்காது. உடைந்த துண்டு அடங்கிவிடும். ஆகவே மூன்று வயதுக்குக் கீழே என்றால் முழுக்கட்டி மட்டும் கொடுங்கள், பக்கத்திலேயே இருங்கள்.

எந்த வயதில் என்ன வரையும் என்று கேட்டால், பொதுவாகச் சொல்லும் வரிசை இது: இரண்டை ஒட்டிச் செங்குத்துக் கோடு, மூன்றில் வட்டம், நான்கில் கூட்டல் குறி, நாலரை வாக்கில் சதுரம், ஐந்தில் முக்கோணம். சில மாதம் முன்பின் ஆவது சகஜம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

வகுப்பறைச் சாக்பீஸ் போதுமா, குண்டு சாக்பீஸ்தான் வேண்டுமா?

கரும்பலகைச் சாக்பீஸ் வெளித்தரையில் நாலு கோடு போடுவதற்குள் ஒடியும், தேயும். குண்டு சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சத்தால், அதாவது கால்சியம் சல்பேட்டால் ஆனது. சின்னக் கை முழுதாகப் பற்றிக்கொள்ளத் தோதானது. வாங்கும்போது நச்சற்றது என்ற குறிப்பும், எந்த வயதுக்கு என்ற குறிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். இருபத்துநாலு நிறம் உள்ள பெட்டி தேவையே இல்லை. நாலைந்து நிறம் இருந்தாலே போதும். நிறம் கூடினால் பிள்ளை பெட்டியைக் கொட்டி அடுக்குவதிலேயே நேரத்தைப் போக்கும் (அதுவும் ஒரு விளையாட்டுதான் என்பது வேறு விஷயம்).

உடைந்த துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

மூன்று வயதைத் தாண்டிய பிள்ளை என்றால் கட்டாயம் வைத்திருங்கள். நீளமான கட்டியைக் கொடுத்தால் பிள்ளை முஷ்டிப் பிடியிலேயே இருந்துவிடும். கட்டை விரல் அளவுத் துண்டை முஷ்டியில் வைத்து வரைய முடியாது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மூன்றும் தாமாகவே சேர்ந்து வந்து பிடிக்கும். பென்சில் பிடிப்பதற்கும் இதே பிடிதான். ‘இப்படிப் பிடி, அப்படிப் பிடி’ என்று நூறு தடவை சொல்வதைத் துண்டுச் சாக்பீஸ் ஒன்று சொல்லாமல் செய்துவிடுகிறது. சிலர் வேண்டுமென்றே உடைத்துக் கொடுப்பார்கள். நானும் அந்தக் கூட்டம்தான்.

எந்தத் தரை நல்லது?

ஓரளவு சொரசொரப்பான, பழைய சிமென்ட் தரைதான் முதல் தேர்வு. தார்த்தரையிலும் வரையலாம், நிறம் எடுப்பாகத் தெரியும், ஆனால் சாக்பீஸைத் தின்றுவிடும். வழவழப்பான டைல்ஸில் ஒட்டாது. புதிதாகப் போட்ட சிமென்ட், பூச்சு இல்லாத கல் பாவிய தரை, செங்கல் தரை, பெயின்ட் அடித்த சுவர் இவற்றில் சிவப்பும் நீலமும் கறையாக நிற்க வாய்ப்புண்டு. ஒரு மூலையில் சின்னக் கோடு போட்டு, காய விட்டு, தண்ணீர் ஊற்றித் தேய்த்துப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். பொது நடைபாதை, அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுவிடம் என்றால் கேட்டுக்கொண்டு வரைவது நல்லது.

வெளியே விடுவதில் என்னென்ன ஆபத்து?

முதல் ஆபத்து வண்டிதான். குனிந்து தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளை, பின்னால் நகரும் காரின் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. வரைவதில் மூழ்கிய பிள்ளைக்கு வண்டிச் சத்தமும் உறைக்காது. கார் வந்துபோகும் பாதை என்றால் வாயிலை அடைத்துவிட்டு, கார் சாவியை உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ‘எல்லைக் கோடு’ ஒன்றைச் சாக்பீஸால் போட்டு, அதைத் தாண்டக் கூடாது என்று சொல்லலாம்; ஆனால் அந்தக் கோட்டை நம்பி நீங்கள் உள்ளே போய்விடக் கூடாது. நாலு வயதுப் பிள்ளைக்குப் பந்து உருண்டால் கோடு மறந்துபோகும்.

இரண்டாவது வெயில். நல்ல வெயில் நாளில் தார்த்தரையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். பிள்ளை உள்ளங்கையை ஊன்றி, முழங்காலை மடக்கி உட்காரும் இடம் அது. உங்கள் புறங்கையைத் தரையில் வைத்து ஐந்து நொடி தாங்க முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் காலை அல்லது சாயங்காலம் வரை தள்ளிப்போடுங்கள். முழங்காலுக்குக் கீழே போட ஒரு பழைய பாய்த் துண்டோ மடித்த துணியோ இருந்தால் சிராய்ப்பும் குறையும்.

முதல் நாள் எப்படி ஆரம்பிப்பது? ‘என்ன வரையறது?’ என்று கேட்டுவிட்டு நிற்கிறானே.

அகன்ற வெறுந்தரை சில பிள்ளைகளைத் திகைக்க வைக்கும். ‘உனக்குப் பிடிச்சதை வரை’ என்பது அவர்களுக்கு உதவாத பதில். அதற்காக நீங்களே உட்கார்ந்து அழகான யானை ஒன்றை வரைந்து கொடுத்தீர்களோ, அன்றைய கதை முடிந்தது. அடுத்த அரை மணி நேரம் ‘அம்மா, நீயே சிங்கம் வரை, நீயே பஸ் வரை’ என்று உங்களுக்குத்தான் வேலை. பிள்ளை தன் கோட்டையும் உங்கள் கோட்டையும் பார்த்து, தனக்கு வராது என்று முடிவுகட்டிவிடும்.

பாதி வேலையை மட்டும் செய்யுங்கள். ஒரு பெரிய வட்டம் போட்டு, ‘இது காலியா இருக்கு’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். அல்லது ஒரு கோட்டை வளைத்து வளைத்து இழுத்துக்கொண்டு போய், ‘எனக்குக் கை வலிக்குது, நீ கொஞ்சம் இழுத்துட்டுப் போறியா?’ என்று கேளுங்கள். அல்லது பிள்ளையின் காலைச் சுற்றிக் கோடு போடுங்கள். கூச்சத்தில் கால் நெளியும், சிரிப்பு வரும். அடுத்து உங்கள் காலைச் சுற்றி அது போடும். அதற்கு அடுத்து செருப்பு, வாளி, கிடைத்ததையெல்லாம் வைத்துச் சுற்றிக் கோடு போடும். ‘இது எதோட கால் தடம்?’ என்ற விடுகதை அங்கேயே பிறந்துவிடும்.

முழு உடம்பையும் அப்படி வரையலாம். பிள்ளை மல்லாந்து படுக்கட்டும், சுற்றிக் கோடு போடுங்கள். எழுந்து நின்று தன் அளவைத் தானே பார்ப்பது சின்னவர்களுக்குப் பெரிய அதிசயம். கண், மூக்கு, பொத்தான் எல்லாம் அவர்கள் பாடு. உதிர்ந்த இலை, சருகு, கூழாங்கல் கொண்டு தலைமுடி வைக்கச் சொல்லுங்கள். வரையத் தயங்கும் பிள்ளைகூட இதில் இறங்கிவிடும்.

ஒரே ஒரு விளையாட்டைத்தான் சொல்ல வேண்டும் என்றால் எதைச் சொல்வீர்கள்?

ரோடு. இரண்டு கோடு அடுத்தடுத்து, பொம்மைக் கார் போகிற அகலத்தில். அவ்வளவுதான் உங்கள் பங்கு. மற்றதெல்லாம் கேள்வி கேட்பதில் இருக்கிறது.

‘இந்த ரோடு எங்க போகுது?’ என்று கேட்டால், ‘பாட்டி வீட்டுக்கு’ என்று வரும். சரி, பாட்டி வீடு எங்கே? ஒரு கோணல் பெட்டி முளைக்கும். ‘கார்ல பெட்ரோல் தீர்ந்துபோச்சே’ என்றால் பெட்ரோல் பங்க் வரும். நடுவில் ஆறு ஒன்றை நீங்கள் நீல நிறத்தில் குறுக்கே இழுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதது போல் இருங்கள். கார் ஆற்றங்கரையில் வந்து நிற்கும். பிள்ளை ஒரு நிமிஷம் யோசிக்கும். சிலர் பாலம் போடுவார்கள், சிலர் காரைக் கையில் தூக்கிப் ‘பறந்துடுச்சு’ என்பார்கள், சிலர் ஆற்றையே காலால் தேய்த்து அழித்துவிடுவார்கள். மூன்றுமே சரியான விடை.

பிள்ளை வளர வளர ரோடும் வளரும். ஐந்தை நெருங்கும்போது சிக்னல், வலது இடது, எண் போட்ட நிறுத்துமிடம் எல்லாம் சேரும். ‘மூணாம் நம்பர்ல சிவப்பு வண்டியை விடு’ என்றால் எண்ணும் நிறமும் சேர்ந்தே பழகிவிடும். மூன்று சக்கர சைக்கிள் இருந்தால் ரோட்டை அகலமாக்கி அதிலேயே ஓட்டச் சொல்லுங்கள். வளைவில் கோட்டுக்குள் திருப்புவது அந்த வயதுக்குச் சவால்தான். சக்கரத்தைத் தண்ணீரில் நனைத்துவிட்டால் பின்னால் தடம் வரும், அது வேறு குதூகலம்.

பாண்டி ஆடச் சொன்னால் மூன்று வயதுப் பிள்ளைக்கு வரவில்லையே?

வராது. இரண்டு காலையும் சேர்த்துக் குதிப்பது இரண்டு, இரண்டரை வயதிலேயே வந்துவிடும். ஒற்றைக் காலில் நொண்டி அடிப்பது நான்கு வயது வாக்கில்தான் பிடிபடும். பெரியவர்கள் ஆடும் பாண்டிக் கட்டத்தை மூன்று வயதில் திணித்தால் அழுகைதான் மிச்சம். கட்டத்துக்குப் பதிலாக வட்டங்களைப் போடுங்கள், ஒவ்வொன்றும் இரண்டு பாதமும் வசதியாக நிற்கும் அளவில், சின்ன இடைவெளியோடு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தவளை மாதிரி தாவட்டும். சில்லுக்குப் பதில் நனைத்த ஸ்பாஞ்சை எறியலாம். உருளாது, விழுந்த இடத்தில் ஈரத் தடம் வைக்கும், ‘கோட்டுல விழுந்துச்சா இல்லையா’ என்ற வழக்குக்கு இடமில்லை. கட்டம், நொண்டி, சில்லு எல்லாம் ஐந்து வயதில் தானாக வந்து சேரும்.

என் மகள் வரையவே மாட்டேன் என்கிறாள். ஓடத்தான் பிடிக்கிறது.

அப்படியானால் சாக்பீஸை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டம் அவளுடையதாக இருக்கட்டும். இங்கே மட்டும் நீங்கள் தாராளமாக வரையலாம், ஏனென்றால் யாரும் அதைப் படமாகப் பார்க்கப்போவதில்லை. நேர்கோட்டில் கயிற்றின் மேல் நடப்பது போல நடை, அப்புறம் நெளிகோட்டில் ஓட்டம், சுருள் வட்டத்துக்குள் போய் நடுவில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வருதல், ஏணிப் படியில் பக்கவாட்டாகத் தாவல், இரண்டு கைத்தடம் இரண்டு கால்தடம் போட்ட இடத்தில் கரடி நடை. கடைசியில் ஒரு நட்சத்திரம். அதில் நின்று கத்த வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும், ‘அடுத்து இங்க என்ன போடலாம்?’ என்று சாக்பீஸை நீட்டிப் பாருங்கள். தான் ஓடப்போகும் பாதை என்றால் வரையப் பிடிக்காத பிள்ளையும் வரையும்.

நிறம் சொல்லி ஓட வைப்பதும் உண்டு. தரையெல்லாம் தண்ணீர், வட்டங்கள் எல்லாம் தீவு. ‘மஞ்சள் தீவு!’ என்றதும் ஓடிப்போய் ஏற வேண்டும். இரண்டு பேர் ஒரே தீவில் ஏறினால் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். யாரும் ஆட்டத்தில் அவுட் இல்லை. இந்த வயதில் அவுட் என்பது அழுகைக்கு இன்னொரு பெயர்.

எழுத்தும் எண்ணும் இதில் சொல்லிக்கொடுக்கலாமா?

கொடுக்கலாம், பாடமாக ஆக்காத வரைக்கும். பிள்ளையின் பெயரில் உள்ள எழுத்துகளிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு ஆள் உயரத்துக்கு முதல் எழுத்தை எழுதி, அதன் மேல் நடக்கச் சொல்லுங்கள். எங்கே தொடங்கி எங்கே வளைகிறது என்பது காலுக்குப் பழகும். ‘அ’ போன்ற சுழியும் வளைவும் உள்ள எழுத்துக்கு இது நன்றாகவே ஒத்துவருகிறது. இன்னொரு வழி: நீங்கள் சாக்பீஸால் எழுதுங்கள், பிள்ளை நனைத்த பிரஷ்ஷால் அதன் மேலேயே போய் அழிக்கட்டும். எழுதச் சொன்னால் மாட்டேன் என்பவர்கள் அழிக்கச் சொன்னால் உடனே வருவார்கள். கையசைவு என்னவோ ஒன்றேதான்.

எண்ணுக்கு: 1 முதல் 5 வரை வட்டத்துக்குள் எழுதி, ஒவ்வொன்றிலும் அத்தனை கல் வைக்கச் சொல்லலாம். ஐந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இருபது வரை ஒப்பிக்கும் பிள்ளைகூட ஏழு கல்லை எண்ணும்போது ஒன்றை இரண்டு தடவை எண்ணிவிடும்.

நிழலை வரைவது பற்றிச் சொல்கிறார்களே, அது எப்படி?

சாக்பீஸும் வெயிலும் சேர்ந்தால் கிடைக்கும் மிகச் சிறந்த விளையாட்டு இது. காலை ஒன்பது மணி வாக்கில், நிழல் நீளமாக இருக்கும்போது ஆரம்பியுங்கள். பிள்ளை நிற்கும் இடத்தில் முதலில் இரண்டு பாதத்தையும் சுற்றிக் கோடு போட்டுவிடுங்கள். இதை விட்டுவிட்டால் பின்னால் ஒப்பிட முடியாது. அப்புறம் நிழலைச் சுற்றி வரையுங்கள். அரை மணி, ஒரு மணி கழித்து அதே பாதத் தடத்தில் வந்து நிற்கச் சொல்லுங்கள். நிழல் கோட்டை விட்டு நகர்ந்திருக்கும், குட்டையாகவும் ஆகியிருக்கும். மணிக்கு ஏறக்குறைய 15 டிகிரி வானத்தில் நகர்கிறது சூரியன். அதனால் காத்திருக்கும் நேரம் அதிகம் வேண்டாம்.

பூமி சுற்றுவதை விளக்க ஆரம்பிக்காதீர்கள். ‘உன் நிழல் எங்க போச்சு?’ என்று மட்டும் கேளுங்கள். ‘நான் வளர்ந்துட்டேன்’, ‘யாரோ அழிச்சுட்டாங்க’, ‘சூரியன் தள்ளிவிட்டுடுச்சு’ என்று விதவிதமாக விளக்கம் வரும். கடைசி விடை கிட்டத்தட்ட அறிவியல்தான்.

நிற்கப் பொறுமை இல்லாத பிள்ளைக்குப் பொம்மை டைனோசரோ யானையோ வைத்து நிழலை வரையச் சொல்லலாம். ஒரு சிக்கல் உண்டு: வரையக் குனியும்போது பிள்ளையின் சொந்த நிழல் பொம்மை நிழலை மறைத்துவிடும். சூரியனுக்கு எதிர்ப்பக்கமாக, சூரியனைப் பார்த்தபடி உட்கார வேண்டும் என்பதைத் தானே கண்டுபிடிக்க விடுங்கள். இரண்டு மூன்று தடவை இடம் மாறி உட்கார்ந்து கண்டுபிடித்துவிடுவார்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் சொல்லிவையுங்கள்.

தண்ணீரையும் சேர்த்து என்ன செய்யலாம்?

சாக்பீஸை ஒரு கிண்ணத் தண்ணீரில் முக்கி எழுதினால் கோடு பசை மாதிரி படியும். வெள்ளைச் சாக்பீஸில் இதைச் செய்துபாருங்கள்: எழுதும்போது மங்கலாகத்தான் தெரியும், ஈரம் காயக் காயப் பளிச்சென்று மேலே வரும். ஈரமாக இருக்கையில் சாக்பீஸின் நுண்துளைகளில் தண்ணீர் நிறைந்திருப்பதால் வெளிச்சம் குறைவாகச் சிதறுகிறது. காய்ந்ததும் வெள்ளை திரும்புகிறது. பிள்ளைக்கு இது மாயாஜாலம். ரகசியப் படம் வரைந்துவிட்டு எது என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். ஒரேயடியாக ஊற வைத்தால் கட்டி கரைந்து சேறாகிவிடும், கவனம்.

மழை நின்ற பிறகு குட்டை தேங்கியிருந்தால் அதன் ஓரத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை வேறு நிறத்தில் இன்னொரு கோடு. உள்ளே உள்ளே சுருங்கிக்கொண்டு போகும் கோடுகளைப் பார்த்தால், தண்ணீர் எங்கே போயிற்று என்ற கேள்வி தானாக வரும்.

சாக் பெயின்ட் வீட்டில் செய்ய முடியுமா?

சுலபம். கார்ன்ஃப்ளாரும் தண்ணீரும் சம அளவு, சில சொட்டு ஃபுட் கலர், நன்றாகக் கலக்கிப் பழைய பிரஷ்ஷைக் கொடுத்தால் தீர்ந்தது. மாவு அடியில் தங்கும். அவ்வப்போது கலக்க வேண்டும், அந்த வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள். அதில் இரண்டு ஸ்பூன் சமையல் சோடாவையும் சேர்த்து வரைந்துவிட்டு, ஸ்பிரே பாட்டிலில் வினிகர் நிரப்பிப் பீய்ச்சினால் படம் நுரைத்துப் பொங்கும். வெளிவருவது கரியமில வாயு, திறந்த வெளியில் பயமில்லை. வினிகர் கண்ணில் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபுட் கலர் சாக்பீஸைவிடப் பிடிவாதமானது. வெளிர் நிறத் தரையிலும் நல்ல துணியிலும் வேண்டாம்.

சாக்பீஸையே வீட்டில் வார்க்கலாமா?

வார்க்கலாம். ஆனால் வார்ப்பது பெரியவர் வேலை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஒரு கப், தண்ணீர் முக்கால் கப், போஸ்டர் கலர் ஒன்றிரண்டு ஸ்பூன் என்பது வழக்கமான அளவு. டிஷ்யூ ரோலின் அட்டைக் குழாயில் உள்பக்கம் மெழுகுத்தாள் வைத்து, ஒரு முனையை டேப்பால் நன்றாக அடைத்து ஊற்ற வேண்டும். இறுகியதும் அட்டையைப் பிரித்து ஒன்றிரண்டு நாள் காய விடுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் பொடிப்பொடியாக உதிரும்.

பிளாஸ்டர் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது சூடாகும். கெட்டியாக, அதிக அளவில் இருந்தால் தோல் வெந்துபோகும் அளவுக்குச் சூடேறும். ஆகவே கைத்தடம் எடுக்கிறேன் என்று பிள்ளையின் கையை அதில் முக்கவே கூடாது. பொடியைக் கலக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள், பிள்ளையைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். மீந்ததைச் சிங்க்கில் ஊற்றினால் தண்ணீருக்குள்ளேயே இறுகிக் குழாயை அடைக்கும். பிள்ளைக்கு நிறம் தேர்ந்தெடுக்கும் வேலையும், காய்ந்தபின் அட்டையை உரிக்கும் வேலையும் இருக்கிறதே, அது போதும்.

கொஞ்சம் தின்றுவிட்டான். என்ன ஆகும்?

நச்சற்ற சாக்பீஸ் என்றால் ஒரு கடி கடித்ததற்குப் பயப்பட வேண்டாம். வாயைத் துடைத்து, தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். இருமல், மூச்சுத் திணறல் இருந்தால் துண்டு தொண்டையில் சிக்கியிருக்கலாம், உடனே உதவி தேடுங்கள். அடிக்கடி சாக்பீஸ், மண், சுண்ணாம்பு என்று தேடித் தின்கிற பிள்ளை என்றால் விஷயம் வேறு. இரும்புச் சத்துக் குறைவோடு சேர்ந்து இந்தப் பழக்கம் வருவதுண்டு, குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தூசியைப் பொறுத்தவரை, திறந்த வெளியில் பெரிய தொல்லை இல்லை. ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் பொடியை ஊதி விளையாட விடாமல், ஈரச் சாக்பீஸ் அல்லது சாக் பெயின்ட் பக்கம் திருப்புங்கள். தூசி பறக்காத வகை என்று விற்கும் சிலவற்றில் கேசீன் என்ற பால் புரதம் சேர்ப்பதுண்டு. பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு அது தொந்தரவு தரலாம்.

நாலைந்து பிள்ளைகள் சேர்ந்தால் சண்டைதான் வருகிறது.

பெரும்பாலான சண்டை சாக்பீஸுக்காக வராது, இடத்துக்காகத்தான் வரும். ‘என் படத்தை மிதிச்சுட்டான்’ என்பதுதான் முதல் புகார். ஆளுக்கொரு பெரிய கட்டம் போட்டு ‘இது உன் வீடு’ என்று கொடுத்துவிடுங்கள். வீட்டுக்கு வீடு வழி போட்டுக்கொள்வது அவர்கள் விருப்பம். பத்து நிமிஷத்தில் வழிகள் வந்துவிடும், அப்புறம் விருந்தாளியும் வருவார்கள்.

‘என்ன வரைஞ்சிருக்கே?’ என்று கேட்கலாமா?

மூன்று வயதில் கேட்காமல் இருப்பது நல்லது. அது பல நேரம் எதுவுமே இல்லை. கை போன பாதை, அவ்வளவுதான். நீங்கள் கேட்ட பிறகு பிள்ளை ஏதோ ஒரு பெயரைச் சொல்லி வைக்கும். பார்த்ததைச் சொல்லுங்கள்: ‘இந்தக் கோடு அந்த மூலை வரைக்கும் போயிருக்கே!’, ‘இங்க ரொம்ப அழுத்தித் தேய்ச்சிருக்கே.’ ‘சூப்பர், அருமை’ என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை சொல்வதைவிட இது மேல்.

கிறுக்கலை லேசாக எண்ண வேண்டாம். அமெரிக்காவில் மழலையர் பள்ளி நடத்திய ரோடா கெல்லாக் பல லட்சம் குழந்தைப் படங்களைத் திரட்டி, கிறுக்கலிலேயே 20 அடிப்படை வகைகளைப் பிரித்துக் காட்டினார். புள்ளி, நேர்கோடு, வளைவு, சுழல் என்று போகும் அந்த வரிசையை ஒரே சாயங்காலத்தில் உங்கள் முற்றத்திலேயே பார்க்கலாம். பிறகு ஒரு நாள் வட்டத்துக்குக் கண் வரும், வட்டத்திலிருந்தே நேராக இரண்டு கால் இறங்கும். வயிறு எங்கே என்று கேட்டுவிடாதீர்கள். உலகம் முழுக்கப் பிள்ளைகள் முதலில் மனிதரை அப்படித்தான் வரைகிறார்கள்.

மழை வந்து அழித்துவிட்டதென்று அழுகிறாள்.

போட்டோ எடுத்து வைப்பது ஒரு வழி. பிள்ளையும் படத்துக்குள் நின்றால் அளவு தெரியும். ஆனால் ஒவ்வொன்றையும் எடுக்காதீர்கள், விளையாட்டு கேமராவுக்காக என்று ஆகிவிடும். தானே அழிக்கப் பழகிய பிள்ளைக்கு மழை அழிப்பது பெரிதாகப் படாது. ஆட்டம் முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரும் துடைப்பமும் கொடுத்துப் பாருங்கள். தன் படத்தின் மேலேயே ‘தண்ணி வருது, தண்ணி வருது!’ என்று ஊற்றும் குஷி, வரைந்த குஷிக்குக் குறைவில்லை.

துணி, தரை, கை எல்லாம் ஒரே நிறம். எப்படிச் சுத்தம் செய்வது?

துணியில் பட்டதை உடனே நனைக்காதீர்கள். முதலில் வெளியே நின்று உதறுங்கள், காய்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். பொடி போனபின் குளிர்ந்த தண்ணீரில் அலசி, கறை போய்விட்டதா என்று பார்த்துவிட்டு வழக்கம்போலத் துவைக்கலாம். கறை இருக்கும்போதே சுடுதண்ணீரில் போட்டால் சில நிறங்கள் பிடித்துக்கொள்ளும். தரையையும் முதலில் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கிவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். விடாப்பிடியான இடத்தில் சோப்புத் தண்ணீரும் தேய்ப்பு பிரஷ்ஷும் போதும். கைக்குச் சோப்பு. சாக்பீஸ் ஈரத்தை உறிஞ்சும், கையையும் வறட்டும். வறண்ட தோலுள்ள பிள்ளைக்குக் கழுவியபின் கொஞ்சம் மாய்ச்சரைசர் தடவிவிடுங்கள்.

மிச்சச் சாக்பீஸை மூடியுள்ள டப்பாவில், ஈரமில்லாமல் வையுங்கள். அதோடு ஒரு பிரஷ், ஒரு ஸ்பாஞ்ச், இரண்டு பொம்மைக் கார், ஒரு பழைய துணி. டப்பா கதவுக்குப் பக்கத்தில், பிள்ளைக்குக் கண்ணில் படுகிற ஆனால் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் நீங்களும் கூடவே வெளியே போக வேண்டும்.